முதல் சொம்பு

1974 அக்டோபர் 23, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். போடி மலைப் பக்கம் காலையிலிருந்தே கறுத்துக்கொண்டு வந்தது. காற்று நின்று, புழுக்கம் ஏறி, தேனியில் நான் கணக்கு எழுதும் வேலை பார்த்த விவசாய டெப்போவின் தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. அந்த வருஷம் வைகாசிக்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி ஒரு மழை இல்லை. டெப்போவில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் வாசலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த மழை பயமாக இருந்தது.

காரணம், நான் குடியிருந்த காம்பவுண்டு வீட்டின் மொட்டைமாடி. அங்கே விழும் மழை ஒரு தகரக் குழாய் வழியாக இறங்கி, முற்றத்துக்கு அடியில் இருந்த தொட்டிக்குப் போகும். அந்தத் தொட்டித் தண்ணீரை ஆறு குடித்தனங்கள், ஆக முப்பத்தொரு பேர், குடிப்பார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் அந்த மாடியில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அது யாருக்கும் தெரியாது.

அதைச் சொல்லுமுன் வீட்டுக்காரம்மாவைச் சொல்ல வேண்டும். அவரைச் சொன்னால்தான் நான் ஏன் பயந்தேன் என்பது விளங்கும்.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பருத்தித் தரகு செய்துவந்த கணவர் போய்ப் பதினொரு வருஷம். நல்ல உயரம், வற்றிய உடம்பு, இடுப்பில் நான்கு சாவி. அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நான் கேட்ட வார்த்தை, "இருங்க, மொதல்ல எனக்கு."

எதிலும் அவருக்குத்தான் முதலில். தெருவில் காலரா ஊசி போட வந்தால் குழந்தைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதல் ஆளாகக் கையை நீட்டுவார். காம்பவுண்டில் என் எதிர் வீட்டு டெய்லர் பம்ப் ஸ்டவ் வாங்கிவந்தபோது, டெய்லரின் மனைவியை வாசலுக்குத் துரத்திவிட்டு அவரே உட்கார்ந்து பற்ற வைத்தார். எங்கள் வரிசைக்கு மின்சாரம் இழுத்த அன்று, மரப்பலகைமேல் செருப்புக் காலோடு ஏறி நின்று, ஆறு வீட்டு சுவிட்சையும் அவரே ஒவ்வொன்றாகத் தட்டினார். குடித்தனக்காரர்கள் சிரித்தார்கள். "புது மாப்பிள்ளை வந்தாக்கூட மொதல்ல எனக்குன்னுதான் சொல்லும் இந்தம்மா" என்பார் டெய்லர். வீட்டுக்காரம்மாவின் காதில் விழும்படியே சொல்வார். "நீ கூட்டிட்டு வாடா, பாப்போம்" என்று பதில் வரும்.

நான் சிரிக்கவில்லை. வீடு வைத்திருக்கிறோம் என்ற தெனாவட்டு என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றரை வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

தொட்டி விஷயத்தில் இது இன்னும் கறார். தொட்டி பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், ஐந்தடி ஆழம். நானூற்று எண்பது கன அடி. பதினைந்து லிட்டர் குடத்தில் தொள்ளாயிரம் குடம். வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு குடம், குடிக்கவும் பருப்பு வேகவும் மட்டும். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தாலும் கல்லாகத்தான் கிடக்கும். நகராட்சிக் குழாய் மூன்று நாளைக்கு ஒரு தடவை, அதுவும் சண்டையோடு. ஆகவே அந்தத் தொட்டிதான் எங்களுக்கு எல்லாம்.

மழை நின்றதும் அவர் மூடியைத் திறப்பார். கயிற்றில் வாளியை விட்டு இறைத்து, ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீரை எல்லாரும் பார்க்க அண்ணாந்து குடிப்பார். பிறகு மூடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் மற்றவர்களுக்கு. அதற்குள் யார் கேட்டாலும் ஒரு டம்ளர்கூடக் கிடையாது.

ஒருமுறை கேட்டேன். "ஏம்மா, முதல் சொம்பு உங்களுக்குத்தானா?"

"வாடகை வாங்குறவ நான்தான? அப்ப மொதச் சொம்பும் எனக்குத்தான்."

பேராசைக்காரியின் பேச்சு என்று நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மாடிக்கும் ஒரு சட்டம் உண்டு. ஐப்பசி பிறந்தால் கார்த்திகை முடியும்வரை யாரும் மேலே போகக் கூடாது. துணி காயப்போடக் கூடாது. வற்றல், வடகம் எதுவும் கூடாது. ஜின்னிங் மில்லிலிருந்து பறந்து வந்து படியும் பஞ்சைக்கூட அவரேதான் வெறுங்காலோடு ஏறிக் கூட்டுவார். எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் மில் மேஸ்திரி. அவர் மனைவி ஐப்பசியில் மாடியில் வடகம் பிழிந்தார். வடகம் காய்வதற்குள் அவர்கள் சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன.

அந்த வீட்டில்தான் நான் இருந்தேன். இருபத்தெட்டு ரூபாய் வாடகை. என் மனைவிக்கு அது ஏழாம் மாதம்.

இனி, நான் செய்த காரியம். கோம்பையில் இருந்த என் அண்ணனுக்காக டெப்போவிலிருந்து பத்து கிலோ சோள விதை வாங்கி வைத்திருந்தேன். பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பாதரசம் சேர்ந்த மருந்துத் தூள் கலந்த விதை. தொட்டால் விரலில் ரோஸ் நிறம் ஒட்டும். ஞாயிற்றுக்கிழமை பானை கவிழ்ந்து மூட்டையின் அடி நனைந்துவிட்டது. நனைந்த விதை இரண்டு நாளில் முளை கட்டிவிடும். திங்கட்கிழமை வீட்டுக்காரம்மா ஒரு நிலத் தகராறு கேஸுக்காக உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போயிருந்தார். நான் அரை நாள் லீவு போட்டு, மாடியில் சாக்கை விரித்து விதையைக் காயவைத்தேன். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரை. இடையில் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. அள்ளி முடித்ததும் தரையில் ரோஸ் படிந்திருந்தது. கூட்டினேன். போகவில்லை. ஈரத் துணியால் துடைத்தேன். தளத்தின் விரிசல்களுக்குள் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

மழை வர ஒரு வாரமாவது ஆகும், அதற்குள் வெயிலில் வெளுத்துவிடும் என்று நினைத்தேன். ஊரே மழைக்கு ஏங்கிக்கொண்டிருந்தபோது, மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருத்தன்தான்.

ஆக, புதன்கிழமை மூன்று நாற்பத்தெட்டுக்கு டெப்போவில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் சைக்கிளை மிதித்தேன். ஒரு நம்பிக்கை இருந்தது. வீட்டுக்காரம்மா முதல் மழையைத் தொட்டிக்கு விடமாட்டார். குழாயைத் தெருப் பக்கம் திருப்பிவைத்து, சாக்கைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். விழும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்ப்பார், முகர்வார். முழுதாக அரை மணி நேரம் மாடி கழுவிப்போன பிறகுதான் குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்புவார். அந்த அரை மணி நேரத்தில் ரோஸ் முழுவதும் தெருவுக்குப் போய்விடும். நாலு பத்துவரை எனக்கு நேரம் இருந்தது.

நாலு ஐந்துக்கு உள்ளே நுழைந்தேன். குழாய் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு வீட்டுக்காரர்களும் முற்றத்தைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அதுக்குள்ள ஏன் திருப்புனீங்க?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

அவர் சாக்கின் அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "என்ன கணக்கு சாரு, நீங்களா கேக்குறது? நிமிசத்துக்கு மூணு கொடம் வீணாப் போகுதுன்னு போன வருசம் சீட்டு எழுதிக் குடுத்தீகளே, மறந்து போச்சா? அரை மணி நேரத்துக்குத் தொண்ணூறு கொடம், ஏழரை நாள் தண்ணின்னு நீங்கதான் எழுதுனீக. காலண்டர்ல குத்தி வச்சிருக்கேன். இந்த வருசம் மழை இருக்குற இருப்புக்கு, ஒங்க சொல்லக் கேட்டுப் பதினஞ்சு நிமிசத்துல திருப்பிட்டேன்."

"கணக்கு சார் வாழ்க!" என்றார் டெய்லர்.

"இன்னும் கொஞ்ச நேரம் வெளியே விட்டிருக்கலாம்..."

"ஏன்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி வாசற்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மில் மேஸ்திரியின் சாமான் வண்டி எனக்கு நினைவு வந்தது. "சும்மா சொன்னேன்" என்றேன்.

ஆறு பத்துக்கு மழை விட்டது. அந்த இரண்டு மணி நேரமும் நான் தூணில் சாய்ந்து நின்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கிலோவுக்கு இரண்டு கிராம் மருந்து. பத்து கிலோவுக்கு இருபது கிராம். பாதி விதையோடு போயிருக்கும், பத்து. அதில் பாதி சாக்கில் தங்கியிருக்கும், ஐந்து. முதல் கால்மணி நேரத்தில் தெருவுக்குப் போனது இரண்டரை. மீதி இரண்டரை கிராம் தொட்டியில். குச்சி விட்டு அளந்து, தண்ணீர் இரண்டே கால் அடி என்று டெய்லர் கூவினார். அப்படியென்றால் நானூறு குடத்துக்குக் கொஞ்சம் மேல். குடத்துக்கு ஆறு மில்லிகிராம். தட்டான் தராசில்கூட நிற்காது. எவ்வளவு சின்ன எண்! எனக்கு மூச்சு வந்தது.

எத்தனை மில்லிகிராம் ஓர் ஆளைக் கொல்லும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

ஆறரைக்கு அவர் மூடியைத் திறந்தார். வாளியை விட்டார். சொம்பில் சாய்த்தார். தண்ணீர் பளிங்காக இருந்தது. நிறமே இல்லை.

"நாளைக்குக் காலையில குடிச்சா என்னம்மா?" என்றேன்.

"எதுக்கு? பஞ்சாங்கம் பாக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் அண்ணாந்தார். தொண்டையில் எலும்பு ஏறி இறங்குவதை நான் எண்ணினேன். பதினேழு மடக்கு. கடைசி மடக்குவரை வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை. அவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஆறு மணிக்கு" என்று பூட்டினார்.

அப்போதுதான், வேறு எந்த வேளையிலும் விளங்காமல், எனக்கு விளங்கியது. ஊசி, ஸ்டவ், சுவிட்சு, சொம்பு. மறுநாள் வரை பூட்டி வைப்பது எதற்கு என்பதும் விளங்கியது. அந்த அம்மாள் எங்களுக்குக் கொடுக்குமுன் எதையும் தன் உடம்பில் பரீட்சை பார்க்கிறார்.

விளங்கிய பிறகும் நான் சொல்லவில்லை. இதை எழுதாவிட்டால் மற்றதை எழுதிப் பிரயோஜனமில்லை. காலையில் அவர் எழுந்து நடமாடினால் நானூறு குடமும் நல்ல தண்ணீர் என்று இன்னொரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் நடமாடிக்கொண்டுதான் இருந்தார். குளித்து, நெற்றிக்கு இட்டு, சாவியோடு வந்தார். ஆறு குடங்கள் வரிசையில் இருந்தன. இரண்டாவது என் மனைவியுடையது. "ஏ ஆத்தா, நீ ஏன் தூக்குற? ஒம் புருசன் அங்கன சும்மாதான நிக்கிறாக" என்று அவர் அதட்டிக்கொண்டே பூட்டில் சாவியைப் போட்டார்.

என் கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மனைவி குடத்தைக் குனிந்து நகர்த்தினாள். அந்த வயிற்றைப் பார்த்ததும் ஆறு மில்லிகிராம் என்ற எண் எனக்கு மறந்துபோயிற்று.

"அம்மா, திறக்காதீங்க. உள்ள வாங்க, ஒரு நிமிஷம்."

அவருடைய அடுப்படியில் நின்று சொன்னேன். மூட்டை நனைந்தது, சாக்கு, காற்று, ஈரத்துணி எல்லாம். முடித்ததும் அவர் கேட்டார்.

"மருந்து என்ன கலரு?"

"ரோஸ்."

"நேத்து நான் குடிக்கையில நீங்க எங்கன நின்னீக?"

"தூணுக்குப் பக்கத்துல."

"எனக்கும் ஒங்களுக்கும் எத்தன அடி இருக்கும்?"

நான் யோசித்தேன். அப்போதும் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் யோசித்தேன். "ஆறடி."

"ஆறடி" என்று அவர் தலையை ஆட்டினார். இன்றுவரை அதற்கு மேல் யாரும் என்னைத் திட்டியதில்லை.

வெளியே வந்து சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "தண்ணி வேணாம். பெருச்சாளி விழுந்து கெடக்கு" என்றார்.

கூச்சல் எழுந்தது. மூடியைச் சரியாகப் போடத் தெரியாதவளுக்கு எதற்குத் தொட்டி என்று ஒரு அம்மாள் கேட்டாள். "நேத்து குடிக்கையில பெருச்சாளி கூடச் சேர்ந்து குடிச்சுச்சா?" என்றார் டெய்லர். அந்தக் கேலியில் கோபம் இருந்தது. "முந்தி முந்திக் குடிச்சா இப்படித்தான்" என்று யாரோ சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டார். நான் வாயெடுத்தபோது ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டேன்.

"காலி பண்ணிடுறேம்மா" என்றேன், ஆட்கள் கலைந்ததும்.

"வயித்துப்பிள்ளக்காரிய வச்சுக்கிட்டு எங்க போவீக? மொதல்ல தொட்டியக் காலி பண்ணுங்க. ஆள் விடக் கூடாது, நீங்கதான் எறைக்கணும். ஆடு மாடு வாய் வைக்காமப் பாத்துக்கிறது என் வேல."

இறைத்தேன். கையில் ரத்தம் கட்டியது. நானூற்றுப் பன்னிரண்டு குடம். அவர் ஒரு குச்சியோடு தெருச் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து, வந்த ஆட்டையெல்லாம் விரட்டினார். அந்த வறட்சியில் தெருவோடு ஓடிய தண்ணீரைப் பார்க்க அக்கம்பக்கத்து ஜனங்கள் வந்து நின்றார்கள். ஓர் ஆள் குடத்தோடு வந்தான். "ஏலே, போ அங்கிட்டு! செத்த தண்ணி!" என்று குச்சியை ஓங்கினார்.

பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த டாக்டரிடம் ஓடினேன். வீட்டுக்காரம்மா வர மறுத்துவிட்டார் என்பதால் நான் மட்டும் போனேன். டாக்டர் என் எண்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "இவ்வளவு கொஞ்சத்துக்குப் பயப்பட வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனால் அந்தத் தண்ணீரை நான் குடிக்கமாட்டேன்" என்றார். கை நடுங்குகிறதா, ஈறு வீங்குகிறதா என்று கொஞ்ச நாள் பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். வீட்டுக்காரம்மா அரிசி களையும்போது விரல்களைப் பார்த்தேன். சிரிக்கும்போது ஈறைப் பார்த்தேன். ஊசியில் நூல் கோத்தால் எத்தனை தடவையில் கோக்கிறார் என்று எண்ணினேன். ஒரு வாரம் போனதும் அவர் கண்டுகொண்டார்.

"என்ன சாரு, இன்னும் சாகலையேன்னு பாக்குறீகளா?"

"இல்லம்மா..."

"அப்ப வேற எதுக்கு ஒரு கெழவிய இப்படிப் பாக்குறீக? ஒங்க வீட்டம்மாகிட்டச் சொல்லவா?" அவர் சிரித்தார். அப்போதும் நான் ஈறைத்தான் பார்த்தேன்.

இரண்டு ஆட்களை வைத்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம். அடியில் போட்டிருந்த மணலும் கரியும் மாறின. மாடியில் ரோஸ் இறங்கிய இடத்தைக் கொத்தி எடுத்துப் புதிதாகச் சுண்ணாம்புத் தளம் போட்டார்கள். செலவெல்லாம் என்னுடையது. அதில் ஒரு பைசாகூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவுமில்லை. அடுத்த மழை வரை தண்ணீர் கொண்டுவந்த வண்டிக்காரனுக்கு என் பணத்தைத்தான் கொடுத்தார். வண்டித் தண்ணீர் சேறாக இருக்கிறது என்று மற்றவர்கள் திட்டியதை மட்டும் தானே வாங்கிக்கொண்டார்.

இருபது நாள் கழித்து அடுத்த மழை பெய்தது. என் சீட்டைக் காலண்டரிலிருந்து கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, ஐம்பது நிமிடம் தண்ணீரைத் தெருவுக்கு விட்டார். மழை விட்டு, சொம்பு நிறைந்ததும் நான் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"இந்தத் தடவை நான் குடிக்கிறேம்மா."

"தள்ளுங்க."

"நியாயமா நான்தான்..."

"நீங்க குடிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? வாடகை வாங்குறது நீங்களா, நானா?" என்று கையைத் தட்டிவிட்டுக் குடித்தார். நான் எண்ணவில்லை. வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தை மாதம் எங்களுக்குப் பெண் பிறந்தது. நல்ல சுகம். 1979இல் எனக்கு மதுரைக்கு மாற்றலாயிற்று. வண்டியில் சாமான் ஏற்றும்போது, "இனியாவது நிம்மதியாத் தூங்குவீக" என்றார். நான் தூங்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு நாள் லீவு போட்டு, தேனி பஸ் ஏறி, அந்தக் காம்பவுண்டுக்குப் போய், அவர் இருக்கிறாரா, கை நடுங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பினேன். போனதும் அவர் என் எதிரே உட்கார்ந்து, கேட்காமலே, பத்து விரலையும் விரித்து நீட்டிக் காட்டுவார். "பாத்துக்கிட்டீகளா? காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க." ஒன்பது வருஷம் இப்படி நடந்தது.

1988 ஆவணியில் தந்தி வந்தது. மார்வலி, அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்றார்கள். அவரைக் கடைசியாகப் பார்த்த டாக்டரைத் தேடிப் பிடித்து, அந்த வருஷத்து மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று இரண்டு தடவை கேட்டேன். பதினாலு வருஷம் கழித்தா என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

மதுரைக்குத் திரும்பி, என் கணக்கு நோட்டில் இந்தச் செலவுக்கென்று 1974 முதல் ஒதுக்கியிருந்த பக்கத்தில் கோடு போட்டுக் கூட்டினேன். வண்டித் தண்ணீர் இருநூற்று நாற்பது குடம், இருபத்து நான்கு ரூபாய். தொட்டி கழுவிய இரண்டு ஆட்களுக்கு இரண்டு நாள் கூலி, இருபது. மணலும் கரியும் பதினாலரை. மாடித் தளம் எண்பத்தைந்து. டாக்டருக்கு மூன்று. ஒன்பது ஐப்பசிக்குப் போகவர பஸ், நூற்றுப் பதினெட்டு ரூபாய் நாற்பது பைசா. சாவுக்குப் போன பஸ்ஸை நான் இதில் சேர்க்கவில்லை.

ஆக மொத்தம் இருநூற்று அறுபத்து நான்கு ரூபாய் தொண்ணூறு பைசா.